டொராண்டோவுக்குக் குடிபோகும் மாடித்தோட்டக்காரர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

குரோம்பேட்டையில் பத்து வருடமாக மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள், கணவன் மனைவி இருவரும், ஆகஸ்ட் கடைசியில் டொராண்டோவுக்குக் குடிபெயர்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் தோட்டம் சம்பந்தமாக ஏதாவது பரிசளிக்க நினைக்கிறீர்கள். கறிவேப்பிலைக் கன்று, நாட்டு விதைப் பொட்டலங்கள், சுடுமண் தொட்டி ஆகிய மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசைப் பற்றிய கேள்விதான். ஆனாலும் இங்கே கைவந்த தோட்டக்கலை அங்கே எந்த இடத்தில் முட்டி நிற்கும் என்று தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். மூன்றும் வேண்டாம் என்பேன். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்பதற்குத் தனித்தனிக் காரணம் இருக்கிறது.

முதலில் கன்று. கனடாவுக்குள் நடவுக்கான செடியைக் கொண்டுபோக, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலான செடிகளுக்குக் கனடாவின் உணவு ஆய்வு முகமையிடம் முன்கூட்டியே வாங்கிய இறக்குமதி அனுமதியும் வேண்டும். வேரோடு ஒட்டிய மண்ணை உள்ளே விடமாட்டார்கள். விமான நிலையத்தில் செடி, விதை, உணவு எதுவானாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம் 1,300 கனடிய டாலர் வரை போகும். கறிவேப்பிலைக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலை மிகப் பிடித்த செடி. அதனால் அமெரிக்கா கறிவேப்பிலை இலையைக்கூடப் பயணிகளிடமிருந்து பறிமுதல் செய்துவிடும். நண்பர்களின் விமானம் அமெரிக்கா வழியாகப் போவதானால் அங்கேயும் சுங்கச் சோதனையைத் தாண்டியாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு பாடும் தேவையில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் கோடையில் தமிழ்க் கடைகளிலேயே கறிவேப்பிலைக் கன்று கிடைக்கும்.

விதைப் பொட்டலம் சின்னதுதானே என்று தோன்றும். விதைக்கு இனத்துக்கு இனம் விதி வேறு. சிலவற்றைச் சான்றிதழோடு கொண்டுபோகலாம், சிலவற்றுக்கு அனுமதி வேண்டும், சிலவற்றுக்குத் தடை. பெயரோ ஊரோ இல்லாமல் காகிதத்தில் மடித்த விதைகளை அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டால் கேட்க வழியில்லை. அதைவிடப் பெரிய தடை பகல் நீளம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். டொராண்டோவில் ஜூன் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம், டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. நம் கொடி அவரை நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு விடும். அங்கே கோடை முழுக்கப் பந்தலைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூ வராது. செப்டம்பரில் பகல் குறுகியதும் மொட்டு வைக்கும், அக்டோபரில் உறைபனி வந்து கருக்கிவிடும். உரம் போதவில்லையோ என்று மேலும் மேலும் போடுவார்கள், இன்னும் இலைதான் வரும். வெங்காயத்தில் கதை தலைகீழ். நம் ரகங்கள் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரப் பகலுக்கே குமிழ் கட்டத் தொடங்குபவை. அங்கே மே மாதம் நட்ட நாற்றுக்கு எடுத்தவுடன் பதினைந்து மணி நேரப் பகல் கிடைத்தால், இலை பெருகுமுன்னே கோலிக்குண்டு அளவில் குமிழ் கட்டி நின்றுவிடும். நீண்ட பகலுக்கென்று உள்ள ரகங்களை அங்கே வாங்குவதுதான் வழி. தக்காளி, மிளகாய், வெண்டை, முளைக்கீரை, வெந்தயம் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. பாகற்காய் இரண்டுக்கும் நடுவே நிற்கும். நீண்ட பகலில் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும், பிஞ்சு பிடிக்கத் தாமதமாகும்.

சுடுமண் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த சூட்டில் சுட்ட நம் தொட்டியின் நுண்துளைகளில் தண்ணீர் ஊறி நிற்கும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். முதல் குளிர்காலத்திலேயே தொட்டி செதில் செதிலாக உரியும், அல்லது நடுவே பிளக்கும். தொட்டிக்குப் பதிலாகத் துணியால் ஆன செடிப்பை கொடுக்கலாம். மடித்தால் தட்டையாகிவிடும், எடை இல்லை, உறைந்தாலும் உடையாது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஒரு செடிக்கு 20 லிட்டர் அளவு சரி. சுரை, புடலைக்கு 40 லிட்டராவது வேண்டும். புதிதாக வாங்கியதைக் கொடுங்கள். மாடியில் பயன்படுத்திய பையில் ஒட்டிய மண் தூளே பறிமுதலுக்குப் போதும்.

எதைக் கொடுப்பது என்பதற்கு அந்த ஊரில் எது பஞ்சம் என்று பார்க்க வேண்டும். செடிக்கும் விதைக்கும் பஞ்சமில்லை. உறைபனியில்லாத நாளுக்கும் வெளிச்சத்துக்கும்தான் பஞ்சம். டொராண்டோவில் கடைசி உறைபனி பொதுவாக மே மாதத்தின் முதல் பாதியில், முதல் உறைபனி அக்டோபரில். நடுவில் கிடைப்பது ஐந்து மாதம், ஏறக்குறைய 150 நாள். ஒன்டாரியோ ஏரிக்கரையை ஒட்டிய வீடானால் சில நாள் கூடும், பிராம்ப்டன், மார்க்கம் என்று உள்ளே தள்ளிப் போகப் போகக் குறையும். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகே வெப்பப் பிரதேசச் செடிகளை வெளியே நட வேண்டும் என்பது அந்த ஊர்த் தோட்டக்காரர்களின் கணக்கு, நம் ஆடிப்பட்டம் போல. வெளிச்சத்தைப் பார்த்தால், டிசம்பர் நண்பகலில் சென்னைச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். டொராண்டோவில் வெறும் 23 டிகிரி. கிழக்கு ஜன்னலில் கிடைப்பது பேருக்குத்தான். இங்கே தெற்கு வாசல் வேண்டாம் என்று வாஸ்து பார்ப்பவர்கள் அங்கே வீடு தேடும்போது தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா என்று முதலில் கேட்டால் செடிகள் வாழ்த்தும்.

அதனால் நான் முதலிடம் தருவது செடி வளர்ப்பு எல்இடி விளக்குக்கும், அதோடு ஒரு டைமருக்கும். இதைச் சென்னையில் வாங்காதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அவர்களுடையது 120 வோல்ட், பிளக்கின் வடிவமும் வேறு. பணத்தையோ அங்குள்ள கடையின் பரிசு அட்டையையோ கொடுத்து, வாங்க வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 40 வாட் அளவுள்ள சாதாரண வெள்ளை ஒளி எல்இடி பட்டை போதும். ஊதா வெளிச்சம் வீசும் விளக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை, அந்த நிறத்தில் இலை மஞ்சளாகிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. ஒரு பட்டையின் கீழ் 25க்கு 50 சென்டிமீட்டர் நாற்றுத் தட்டு இரண்டை வரிசையாக வைக்கலாம். விளக்கு நாற்றின் உச்சியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும், நாற்று வளர வளரச் சங்கிலியால் மேலே தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிந்தால் செலவு 0.64 யூனிட். பெரும்பாலோர் செய்யும் தவறு விளக்கைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறதே என்று வருந்துவது. தூரம் இரண்டு மடங்கானாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும்.

விளக்குக்கு அடுத்தது நாற்றுத் தட்டின் அடியில் விரிக்கும் சூட்டு விரிப்பு. மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 டிகிரியில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். அங்கே புதிதாகப் போகிறவர்கள் பலர் முதலில் வாடகைக்கு எடுப்பது வீட்டின் அடித்தளத்தை, அதாவது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட்டை. அதன் தரை குளிர்காலத்தில் 16, 17 டிகிரியில் கிடந்தால் விதை மூன்று வாரம் அசையாமல் கிடக்கும், பிறகு அழுகும். விரிப்பு மண்ணின் சூட்டை அறையைவிட ஐந்து முதல் பத்து டிகிரி உயர்த்தும். முளை தலை காட்டியதும் விரிப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். வைத்தே இருந்தால் தண்டு மெலிந்துபோகும். நம்மவர்கள் பழக்கதோஷத்தில் மேலிருந்து பூவாளியால் ஊற்றுவார்கள். காற்றோட்டமில்லாத குளிர்ந்த அறையில் அது நாற்றழுகலை வரவேற்பது போல. தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றினால் இன்னும் நல்லது.

விளக்கும் விரிப்பும் இருந்தால் அந்த 150 நாள் 220 நாளாகிறது. விக்டோரியா தினத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மிளகாய், கத்தரி விதை பத்து வாரம் முன்பு, அதாவது மார்ச் நடுவில். தக்காளி ஏழு வாரம் முன்பு, ஏப்ரல் முதல் வாரத்தில். பாகல், புடலை, சுரை நான்கு வாரம் முன்பு. வெண்டை மூன்று வாரம் போதும், அதன் வேரைக் கலைத்தால் பிடிக்காது என்பதால் காகிதக் கிண்ணத்தில் போட்டு அப்படியே நட வேண்டும். வெளியே நடுமுன் பத்து நாள் வெயில் காட்டிப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, அப்படியே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சென்னையில் இந்த வேலையே கிடையாது என்பதால் இதைத்தான் தவறவிடுவார்கள். விளக்கடியில் வளர்ந்த இலை நேர் வெயிலையும் காற்றையும் அறியாதது. ஒரே மதியத்தில் வெள்ளைக் காகிதம்போல் வெளுத்துவிடும். மண் 18 டிகிரி ஏறாமல் வெண்டையை நடவே கூடாது. பத்து டாலருக்குள் கிடைக்கும் மண் வெப்பமானி மூன்றாவது பரிசாக இருக்கலாம்.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கே புடலை எவ்வளவு காய்க்கும், பாகல் எப்போது பிஞ்சு விடும் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூன் இரவுகள் 12, 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் கொடிகள் நட்ட உயரத்திலேயே மூன்று வாரம் நிற்கும், அந்த வருட விளைச்சல் பாதியாகலாம். சூடான ஜூலை வந்தால் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும். யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. முருங்கையில் மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பெரிய பையில் வைத்தால் கோடையில் கீரை கிடைக்கும், காய்க்கு ஆசைப்பட வேண்டாம்.

கறிவேப்பிலையை அங்கே வாங்குவார்கள் என்று உறுதியாக நம்பலாம், ஆகவே அதன் குளிர்காலத்தைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுப்பதும் பரிசில் சேர்த்திதான். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும்போது உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சூடேற்றிய வீட்டுக் காற்று ஜனவரியில் மிகவும் வறண்டிருக்கும், அந்த வறட்சியில் சிலந்திப்பேன் பெருகும், தண்டில் செதில் பூச்சி ஒட்டும். மேலே தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை, சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். வாரம் ஒரு முறை குளியலறையில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுவதுதான் பலன் தரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உரம் வேண்டாம், மேல் மண் நாலு சென்டிமீட்டர் காய்ந்த பிறகே தண்ணீர். இங்கே தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் செடியைக் காப்பாற்றுகிறது. அங்கே குளிர்காலத்தில் அதே குணம் வேரை அழுகவைக்கும். கலவையில் பெர்லைட்டோ (நீரை வடியவிடும் லேசான வெள்ளைத் துகள்) பருமணலோ மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். எல்லா இலையும் உதிர்ந்துவிட்டால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் அது தூங்குகிறது. ஏப்ரலில் துளிர்க்கும். செத்துவிட்டது என்று பிப்ரவரியில் குப்பையில் போடப்படும் கறிவேப்பிலைகளில் பாதி உயிரோடு இருப்பவை என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் போகிறார்கள் என்பதால் இன்னொன்றும் உண்டு. போய் இறங்கியதும் தோட்டம் முடிந்துவிட்டது என்று சோர்ந்துபோவார்கள், ஆனால் அக்டோபரில் நட வேண்டியவை இருக்கின்றன. கடினத்தண்டுப் பூண்டை அக்டோபரில் பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், பல்லின் மேல் 5 சென்டிமீட்டர் மண் இருக்கும்படி ஊன்றி, வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஜூலையில் தோண்டலாம். குளிர் அதற்குத் தேவை, குளிராவிட்டால் பல் பிரியாது. மளிகைக் கடைப் பூண்டை நடக் கூடாது, பெரும்பாலும் அது மிதமான ஊர்களுக்கான மென்தண்டு வகை. பூ பிடிக்குமென்றால் டாஃபடில் கிழங்கு இருபது கொடுக்கலாம். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிவிட்டால் பனி உருகிய ஏப்ரலில் தானே எழும். துலிப் இன்னும் அழகு. ஆனால் அந்த ஊர் அணில்கள் துலிப் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும், நச்சுத்தன்மை உள்ள டாஃபடிலைத் தொடாது. இவற்றையும் அங்கேயே வாங்கி அவர்கள் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அவர்கள் எங்கே தங்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அடுக்குமாடிப் பால்கனியா, அடித்தளமா, பின்கட்டு உள்ள வீடா? முதல் வருடத்தில் இரண்டு முறை வீடு மாறுவது சாதாரணம், தரையில் ஊன்றும் பழமரமோ ரோஜாவோ இப்போது வேண்டாம். மண் இல்லாத வீடானால், டொராண்டோ நகராட்சி ஆண்டு அனுமதிக் கட்டணத்துக்குத் தோட்டத் துண்டுகள் தருகிறது. காத்திருப்போர் பட்டியல் இருப்பதால், போனவுடன் விண்ணப்பிக்கச் சொல்லலாம். பின்னால் பல்லாண்டுச் செடி வாங்கும்போது அட்டையில் 'மண்டலம் 5' என்றெல்லாம் போட்டிருக்கும், செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைக் காட்டும் எண் அது. அதில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்க மண்டலம் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. கனடாவின் சொந்த மண்டலக் கணக்கில் மழை, காற்று, பனிப்போர்வை, உறைபனியில்லாத நாட்கள் எல்லாம் சேரும். இரண்டு எண்ணும் ஒன்றல்ல, எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று கடையில் கேட்க வேண்டும். தொட்டியிலேயே வெளியே குளிர்காலத்தைக் கழிக்கும் செடியானால் ஊரின் எண்ணைவிட இரண்டு மண்டலம் குளிர் கூடுதலாகத் தாங்குவதை எடுப்பது பொது வழக்கம், தொட்டியின் வேருக்குத் தரையின் காப்பு இல்லையே.

பணமும் பட்டியலும் மட்டும் கொடுத்தால் வெறுங்கையோடு வழியனுப்புவதுபோல இருக்கும் என்று நீங்கள் தயங்கலாம். கையில் கொடுக்க ஒன்று இருக்கிறது: பட்டறையில் அடித்த சின்னக் களைக்கொத்து. அங்கே கிடைக்கும் கைக்கரண்டி பெரும்பாலும் குத்திக் கிளறத்தான் லாயக்கு, உட்கார்ந்து இழுத்துக் களை எடுக்கப் பழகிய கைக்கு அது ஒத்துவராது. இரும்புத் தலை மட்டும் போதும், பிடியை அங்கே போட்டுக்கொள்ளலாம். புதியதாக இருக்கட்டும். பழையதுதான் ராசி என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் பூசி, ஒரு துளி மண்ணும் ஒட்டாமல் கொடுங்கள். கவாத்துக் கத்தரி சேர்த்தாலும் இரண்டும் சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் இருந்தால் மீனம்பாக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். மிச்சத்தில் விளக்கும் டைமரும் வந்துவிடும். சூட்டு விரிப்புக்குப் பணம் போதாவிட்டால் இன்னொரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், விளக்கின் தரத்தில் மட்டும் குறைக்காதீர்கள். களைக்கொத்தைச் சுற்றித் தரும் தாளில் மார்ச் 15, ஏப்ரல் 5, மே விடுமுறை, அக்டோபர் 10 ஆகிய தேதிகளையும், எதை எப்போது என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தத் தாள் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட வேண்டியது.